ஹுவாங் கோங்வாங்: எரிந்த கதையை விட்டு, வரைந்த மனிதரைப் பேசுவோம்

மசிக்கூடு (இழையைத் தொடங்கியவர்)

சீன ஓவியம் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது பதிலுக்குள் ‘ஃபூச்சுன் மலைவாசம்’ என்ற சுருள் ஓவியம் வந்துவிடுகிறது, அது வந்த உடனே நெருப்பும் வந்துவிடுகிறது. 1650இல் ஒரு பணக்காரர் சாகும் தறுவாயில் அந்தச் சுருளை எரிக்கச் சொன்னார், அது இரண்டு துண்டானது, ஒன்று சீனாவில், இன்னொன்று தைவானில். எல்லாம் உண்மைதான். ஆனால் வரைந்தவர் யார் என்று கேட்டால் பலருக்குப் பெயர்கூட நினைவில் இல்லை. எனக்கு இது நெடுநாள் ஆற்றாமை. அதனால் அவருக்கென்று தனியாக ஓர் இழை.

ஹுவாங் கோங்வாங் 1269இல் பிறந்தவர். ஊர் சாங்ஷு, யாங்சி ஆறு கடலில் சேரும் பக்கம். பிறந்த குடும்பம் லூ. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ஹுவாங் என்ற குடும்பத்துக்குத் தத்துப் போனார். தத்தெடுத்தவருக்கு அப்போதே தொண்ணூறு வயது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. பையனைப் பார்த்ததும் அந்த முதியவர், ‘ஹுவாங் ஐயா பிள்ளைக்காக ஏங்கி எத்தனை காலமாயிற்று’ என்றாராம். அந்த வாக்கியத்தின் எழுத்துகளையே பிரித்துப் பெயராக வைத்துவிட்டார்கள். முதல் பாதி ஹுவாங் கோங்வாங், மீதி ஸிஜியு என்ற மரியாதைப் பெயர். ஒரு கிழவரின் ஏக்கத்தையே பெயராகச் சுமந்து வாழ்ந்த மனிதர் என்று நினைக்கும்போதே எனக்கு அவர் மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது.

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, 1279இல், தெற்கு சொங் அரசு முழுதாக விழுந்தது. மங்கோலியர்களின் யுவான் ஆட்சி. படித்தவர்கள் பதவிக்குப் போக இருந்த முக்கிய வழியான அரசுத் தேர்வு பல பத்தாண்டுகள் நடக்கவே இல்லை. அதனால் அவர் எழுத்தர் வேலைக்குப் போனார். ஜாங் லூ என்ற பெரிய அதிகாரியின் கீழ், நில வரி சம்பந்தப்பட்ட அலுவலகம். அந்த வரிக் கணக்கெடுப்பில் நடந்த கொடுமை கலகம் வரைக்கும் போக, 1315இல் ஜாங் லூ மாட்டினார், அவரோடு சேர்ந்து எழுத்தரும் சிறைக்குப் போனார். இதில் நெஞ்சைப் பிசையும் விஷயம் என்னவென்றால், அரசுத் தேர்வு மறுபடி நடந்ததும் அதே 1315இல்தான். இவருடைய நண்பர் கவிஞர் யாங் ஸாய் அந்தத் தேர்வில் தேறினார். சிறையிலிருந்து இவர் அனுப்பிய கவிதைக்கு யாங் ஸாய் எழுதிய பதில் கவிதை இன்னும் இருக்கிறது.

வெளியே வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. வேலை போயிற்று, பெயர் கெட்டாயிற்று. அதற்குப் பிறகுதான் தூரிகையைத் தீவிரமாக எடுக்கிறார். நாம் இன்று கொண்டாடும் சுருளைத் தொடங்கியபோது அவருக்கு 78 வயது. இதைப் பற்றித்தான் பேச ஆசை.

வேப்பம்பூ

ஐயா, நான் அந்த நெருப்புக் கதையை மட்டுமே கேள்விப்பட்ட கூட்டத்தில் ஒருத்தி. பெயர்க் கதை மனதில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கேள்விகள். சிறையிலிருந்து வந்து எதை வைத்துப் பிழைத்தார்? அப்புறம், அந்த நெருப்பு விஷயத்தையும் யாராவது ஒழுங்காகச் சொல்லிவிடுங்கள், அரைகுறையாகவே கேட்டிருக்கிறேன்.

மசிக்கூடு

குறி சொல்லிப் பிழைத்தார், தாயி. தாவோ நெறியில் சுவான்ஜென் என்ற பிரிவில் சேர்ந்து, ஹாங்சோ, சோங்ஜியாங் பக்கமெல்லாம் நாளும் நட்சத்திரமும் பார்த்துச் சொல்லித் திரிந்தார். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் டா ச்சி, நம் சொல்லில் பெரும்பித்தர். அவரை மலை உச்சியில் தனியாக உட்கார்ந்த முனிவர் போல எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவருக்கு ஊர் ஊராக நண்பர்கள் இருந்தார்கள், சீடர்கள் இருந்தார்கள், மற்றவர்களின் ஓவியங்களில் அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகள் ஏராளம். ஓவியர் ஜாவ் மெங்ஃபூ போன்ற பெரியவரிடம் பாடம் பெற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். மனிதர்களை விட்டு ஓடியவர் இல்லை, அலுவலகத்தை விட்டு வந்தவர்.

ஆனால் மலையில் உட்கார்ந்தது உண்மை. காட்டு மலையில், பாறைக் குவியலுக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாராம், பார்ப்பவர்களுக்கு என்ன செய்கிறார் என்றே புரியாதாம். நீர் கடலோடு கலக்கும் இடத்துக்குப் போய் அலை இரைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம், மழையும் காற்றும் வந்தாலும் நகர மாட்டாராம். இது பின்னாளில், யுவானுக்கு அடுத்து வந்த மிங் காலத்தில் எழுதி வைத்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனாலும் அந்தச் சுருளைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமில்லை.

சுருள்வாசி

நெருப்பை நான் சொல்கிறேன், கோர்வையாக.

சுருள் பல கை மாறி, 1596இல் டோங் சீச்சாங் கைக்கு வந்தது. மிங் காலத்தின் பெரிய ஓவியர், விமர்சகர் அவர். அவரிடமிருந்து யீஷிங் ஊரைச் சேர்ந்த வூ ஜெங்ஜியிடம் போனது. அவர் மகன் வூ ஹோங்யூ. இவருக்கு இந்தச் சுருள் உயிர். மிங் அரசு கவிழ்ந்து ஊரெல்லாம் ஓடியபோது வீட்டையும் சொத்தையும் போட்டுவிட்டு இரண்டே பொருளைத்தான் தூக்கிக்கொண்டு போனார். ஒன்று இந்தச் சுருள், இன்னொன்று துறவி ஜியோங் கையால் எழுதிய ‘ஆயிரம் எழுத்து’ சுருள்.

1650இல் சாகக் கிடந்தபோது இரண்டையும் தன்னோடு அனுப்பச் சொன்னார். முதல் நாள் ‘ஆயிரம் எழுத்து’ எரிந்தது, கூடவே இருந்து பார்த்தார். அடுத்த நாள் ஃபூச்சுன். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் உள்ளே படுக்கப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவர் ஓடி வந்து, வேறொரு சுருளை நெருப்பில் போட்டுவிட்டு இதை இழுத்து வெளியே எடுத்தார்.

சீனச் சுருள் வலமிருந்து இடமாக விரியும், சுருட்டி வைத்தால் தொடக்கம்தான் வெளிப்பக்கம். அதனால் அடி வாங்கியது தொடக்கம். எரிந்த பகுதியை வெட்டி எடுத்தபின் முன்னால் ஒரு சிறு மலைத் துண்டு தனியாக நின்றது. ‘மிஞ்சிய மலை’ என்று பெயர். 31.8 செ.மீ. உயரம், 51.4 செ.மீ. நீளம். இப்போது ஹாங்சோவில் செஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீதி நீண்ட பகுதி 33 செ.மீ. உயரம், 636.9 செ.மீ. நீளம், தைபேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில்.

நெடுவழி

வூ ஹோங்யூவைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. வீட்டைப் போட்டுவிட்டு ஒரு ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நம்மில் எத்தனை பேர்? நாடு போயிற்று, கண் முன்னால் ஒரு காலமே முடிந்தது. இனி இதை யார் பார்ப்பார்கள், யார் மதிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். அன்பு முற்றிப்போய்ச் செய்த காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மசிக்கூடு

நெடுவழி அண்ணா, உங்கள் மனது புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் ஓவியத்திலேயே இருக்கிறது. சுருளின் கடைசியில் ஹுவாங் தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார், 1350ஆம் ஆண்டு. அதன் சாரம் இதுதான்: மூன்று நான்கு வருடம் முன்னால், 1347இல், ஃபூச்சுன் மலைவீட்டுக்குத் திரும்பி வந்தேன், வூயோங்கும் கூட வந்தார். சும்மா இருந்த நாளில் தெற்கு மாடியில் உட்கார்ந்து இதை வரைய ஆரம்பித்தேன். மனம் போன போக்கில் மொத்த அமைப்பையும் போட்டுவிட்டேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வருகிறேன். இன்னும் முடியவில்லை, ஏனென்றால் சுருள் மலையில் கிடக்கிறது, நான் வெளியே மேகம் போலத் திரிகிறேன். இப்போது மூட்டையில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பறித்துக்கொள்வார்களோ என்று வூயோங் ரொம்பக் கவலைப்படுகிறார், அதனால் முடியும் முன்பே கடைசியில் எழுதிக் கொடுக்கச் சொன்னார், இதைச் செய்து முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

வூயோங் என்றால் பயனற்றவர் என்று பொருள், அவருடைய தாவோ தோழரின் பெயர். அவருக்காக வரைந்தது. அந்தத் தோழருக்கு 1350லேயே பயம் வந்துவிட்டது பாருங்கள். பறிப்பார்கள் என்று பயந்தார், எரிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை. ‘செய்து முடிப்பது கஷ்டம்’ என்று ஒரு 81 வயது மனிதர் கையெழுத்திட்டு வைத்ததை முந்நூறு வருடம் கழித்துத் தன்னோடு வரட்டும் என்று சொன்னால், அதை அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நெடுவழி

குறிப்பை இப்படி முழுதாக நான் கேட்டதில்லை. சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனாலும் அவரை வில்லனாக்க மாட்டேன்.

கரித்துண்டு

நான் வரைகிறவன், அதனால் கோட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மசிக்கூடு சொன்ன ‘மொத்த அமைப்பையும் போட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன்’ என்ற வரி இருக்கிறதே, அது அழகுக்குச் சொன்னதில்லை, அப்படியே படத்தில் தெரிகிறது. பெரிதாக்கிப் பாருங்கள். மலையின் ஓரம் முதலில் மிக வெளிறிய மசியில், ஒரே வீச்சில் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் அடர்ந்த மசியில் இன்னொரு ஓரம், முதல் கோட்டோடு சரியாகப் பொருந்தாமல், ஒரு நூல் தள்ளி. பழைய கோட்டை மறைக்க அவர் முயற்சியே செய்யவில்லை. இரண்டும் நிற்கின்றன. நடுவே எத்தனை மாதம் போயிருக்குமோ.

மலைச் சரிவில் மேலிருந்து கீழாக இறங்கும் நீளக் கோடுகளுக்குச் சீனத்தில் சணல்நார்க் கோடு என்று பெயர். சணல் கயிற்றைப் பிரித்துத் தொங்கவிட்டால் நார் எப்படிக் கொஞ்சம் அலைந்து, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இறங்குமோ அப்படி. இவருக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டில் டோங் யுவானும் அவர் வழி வந்த துறவி ஜூரானும் போட்ட கோடுதான். அவர்கள் பட்டில் போட்டார்கள். ஹுவாங் காகிதத்தில் போட்டார். பட்டு மசியை மேலேயே வழுக்க விடும், காகிதம் உறிஞ்சும். தூரிகையில் மசி குறைவாக இருந்தால் காகிதத்தின் சொரசொரப்பில் கோடு உடைந்து உடைந்து போகும், நடுவில் வெள்ளை தெரியும். அந்த வறண்ட கோட்டைத்தான் அவர் கையாண்டார். நான் கைக்குக் கிடைத்த சீனக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் பத்து நாள் எல்லாமே கீறல் மாதிரி வந்தது. மசி கூடினால் ஊறிப் பரவுகிறது, குறைந்தால் துடைப்பத்தால் பெருக்கியது போலாகிறது. மணிக்கட்டை விட்டு முழங்கையிலிருந்து இழுத்தபோதுதான் ஒன்றிரண்டு கோடு உயிரோடு வந்தது. அந்த மனிதர் எண்பது வயதில் ஆறு மீட்டருக்கு மேல் இப்படி இழுத்திருக்கிறார், ஒரு இடத்தில்கூட அவசரம் தெரியவில்லை.

கோடுகளுக்கு மேல் கடைசியாக ஈர மசியில் பொட்டுகள். தூரத்து மரம், புல், பாசி எல்லாம் அந்தப் பொட்டுதான். ஏற்கெனவே காய்ந்த வெளிறிய கோட்டின் மேல் அந்தக் கறுப்புப் பொட்டு விழும்போது மலை சட்டென்று முன்னால் வருகிறது.

அவர் எழுதிய ஓவியக் குறிப்புகளும் இருக்கின்றன, சின்னது. அதில் எனக்குப் பிடித்த ஒன்று: தோல் பையில் எப்போதும் ஒரு தூரிகை இருக்கட்டும், நல்ல இடத்தில் விசித்திரமான மரம் கண்ணில் பட்டால் அங்கேயே வரைந்து வைத்துக்கொள். நான் இப்போது பையில் ஒரு கரித்துண்டும் சின்ன நோட்டும் இல்லாமல் வெளியே போவதில்லை, என் பெயருக்கும் அதுதான் காரணம்.

வேப்பம்பூ

கரித்துண்டு அண்ணா, அந்த இரண்டு ஓரக் கோடுகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை நாள் அச்சில் ஏதோ மங்கல் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. பேரரசர் ஒருவர் போலியை உண்மை என்று நம்பினார் என்றும் எங்கோ படித்தேன். அது இந்தப் படம்தானா?

நெடுவழி

இதேதான். சிங் வம்சத்துச் சியான்லோங். 1745இல் அவர் கைக்கு ஒரு ஃபூச்சுன் சுருள் வந்தது. ஸிமிங் என்பவருக்குக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்ததால் ஸிமிங் சுருள் என்பார்கள். அது மிங் காலத்தில் யாரோ செய்த நகல். பேரரசருக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம், போகும் இடமெல்லாம் எடுத்துப் போய், வெற்றிடம் கண்ட இடத்திலெல்லாம் கவிதையும் குறிப்புமாக ஐம்பதுக்கும் மேல் எழுதித் தள்ளினார். மலைக்கும் வானத்துக்கும் நடுவே அவர் எழுத்துதான் நிற்கிறது.

அடுத்த வருடமே, 1746இல், உண்மையான வூயோங் சுருள் அரண்மனைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் வந்ததுதான் அசல், இது நல்ல கைவேலையான போலி என்று தீர்மானித்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். லியாங் ஷிஜெங் என்ற அமைச்சரை விட்டு அந்தத் தீர்ப்பை அசலின் மேலேயே எழுதச் செய்தார். பிறகு அதை அவர் தொடவில்லை. அவர் பிரியம் வைக்காததால் அசல் தப்பித்தது. இன்று அதில் வானம் வானமாகவே இருக்கிறது. ஸிமிங் சுருளும் தைபேயில்தான் இருக்கிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

1930களில் அரண்மனைப் பொருள்கள் போருக்குப் பயந்து ஷாங்ஹாயில் பாதுகாக்கப்பட்டிருந்தபோது ஓவிய ஆய்வாளர் சூ பாங்தா அவற்றை ஆராய்ந்து, பேரரசர் தலைகீழாகச் சொன்னதைத் திருத்தினார்.

சுருள்வாசி

‘மிஞ்சிய மலை’ இதனுடைய துண்டுதான் என்று எப்படி உறுதி என்று யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சுருள்களில் காகிதங்கள் சேரும் ஒட்டின் மேல் உரிமையாளர் முத்திரை குத்துவார், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் விழுமாறு. வூ ஜெங்ஜியின் முத்திரையில் பாதி ஹாங்சோ துண்டில் இருக்கிறது, பாதி தைபே சுருளில் இருக்கிறது. ‘மிஞ்சிய மலை’யை 1938இல் ஷாங்ஹாய் ஓவியர் வூ ஹூஃபான் ஒரு பழைய வெண்கலப் பாத்திரத்தைக் கொடுத்து வாங்கினார். 1956இல் அது செஜியாங் அருங்காட்சியகத்துக்குப் போனது, கையெழுத்துக் கலைஞர் ஷா மெங்ஹாய் பலமுறை நடந்து கேட்டதன் பலன். 2011 ஜூனில் இரண்டு துண்டும் தைபேயில் ஒரே கண்ணாடிப் பெட்டகத்தில் பக்கம் பக்கமாகக் கிடந்தன. 361 வருடம் கழித்து.

மசிக்கூடு

மறுபடி நெருப்புக்கே வந்துவிட்டோம். ஆனால் முத்திரை விஷயம் நல்ல விஷயம், நன்றி.

எனக்கு இந்தச் சுருளின் வரலாற்றில் மிகப் பிடித்த ஆள் பேரரசரும் இல்லை, வூ ஹோங்யூவும் இல்லை, ஷென் ஜோவ். பதினைந்தாம் நூற்றாண்டு, சூசோ பக்கத்து ஓவியர், 1427இல் பிறந்தவர். ஒரு காலத்தில் சுருள் இவரிடம் இருந்தது. ஒரு குறிப்பு எழுதித் தரச் சொல்லித் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தார், அவருடைய மகன் அதை அமுக்கி விற்றுவிட்டான். வூயோங் பயந்தது அப்படியே நடந்தது. சில காலம் கழித்து அது சந்தைக்கு வந்தபோது திரும்ப வாங்க ஷென் ஜோவிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா, வீட்டுக்கு வந்து, 1487இல், நினைவிலிருந்தே முழுச் சுருளையும் வரைந்தார். அவருக்கு அப்போது 60 வயது. எட்டரை மீட்டர் நீளம். அது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எரிந்துபோன தொடக்கத்தில் என்ன இருந்தது என்று நாம் ஓரளவு ஊகிக்க முடிவது இந்த நினைவுச் சுருளாலும் மற்ற நகல்களாலும்தான். ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. பிறகு ஃபான் ஷுன்ஜூ என்ற அதிகாரி அசலை வாங்கியபோது ஷென் ஜோவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். 1488இல் ஷென் ஜோவ், தன்னிடமிருந்து களவு போன சுருளின் முன்னால் உட்கார்ந்து, வேறொருவர் சொத்தாகிவிட்ட அதில் அன்போடு குறிப்பு எழுதிக் கொடுத்தார். நெடுவழி அண்ணா, அன்பு முற்றிப்போய்ச் செய்த காரியம் என்று நீங்கள் சொன்னதற்கு என் பதில் இவர்தான்.

நெடுவழி

இதற்கு மேல் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. ஷென் ஜோவ் சுருளை இன்று ராத்திரி தேடிப் பார்க்கிறேன்.

கரித்துண்டு

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இதை முழு நீளத்துக்கும் ஒரே படமாகத் திரையில் பார்க்காதீர்கள், பல்லி மாதிரி ஒரு கோடுதான் தெரியும். சுருளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மேசை மேல் வைத்து, வலது கையால் சுருட்டிக்கொண்டே இடது கையால் விரிப்பார்கள், ஒரு நேரத்தில் இரண்டு தோள் அகலம்தான் கண்ணுக்கு முன்னால். திரையில் பார்க்கும்போது நன்றாகப் பெரிதாக்கி, இடமும் வலமும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக்கொண்டு மெதுவாக நகர்த்துங்கள்.

அப்படிப் போகும்போது மேல் ஓரத்தைக் கவனியுங்கள். சுருட்டியபடியே எரிந்ததால், தீ துளைத்த இடம் சுற்றுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும், காகிதம் ஒட்டிச் சரிசெய்திருப்பார்கள். உள்ளே போகப் போகத் துளை சிறிதாகி நின்றுவிடும்.

வேப்பம்பூ

தாள் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. பெரிய மலைதான் முதலில். அது முடியுமா முடியுமா என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன், பின்னால் இன்னொரு முகடு, அதன் பின்னால் வீட்டுக் கூரைகள். மரங்களுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போய் மறைந்து, வேறெங்கோ மேலே வெளியே வருகிறது. அப்புறம் சட்டென்று நிலம் தாழ்ந்து தண்ணீர். கரையில் ஓலை வேய்ந்த சின்ன மண்டபம், உள்ளே ஒருவர் நீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவராக இருக்கிறார். தண்ணீரில் ஒன்றிரண்டு பறவைகள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் படகு.

மேல் ஓரத் துளைகளையும் எண்ணிக்கொண்டே வந்தேன், மண்டபத்தைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மசிக்கூடு

அங்கேயே கொஞ்சம் இருங்கள், தாயி, அவசரமில்லை. அதற்கு அப்புறம் அகலமான ஆறு வரும், பாதிக் காகிதம் வெறுமையாக இருக்கும், பிறகு கூம்பு மாதிரி ஒரே ஒரு உயர்ந்த மலை. அதன் பக்கவாட்டில் அந்தப் பழைய வெளிறிய ஓரக்கோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.